மெழுகு விழுந்த இடம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சியேனா நூலகத்தின் சுவடி அறையில், நீவெஸ் அறுபத்து மூன்றாம் ஏட்டின் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பார்த்தாள். ஏட்டில் அடுத்தடுத்த மூன்று வரிகளில் எழுதாமல் விட்ட வெற்றிடங்கள் இருந்தன. முதல் வரியில் கொஞ்சம், இரண்டாவதில் நிறைய, மூன்றாவதில் ஒரு சொல்லளவு. அவற்றுக்கு முன்னும் பின்னும் நின்ற சொற்கள் துண்டில் அவள் குறித்து வந்தவையேதான். எடுத்துவிட்டு இன்னொருமுறை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை.

துண்டு போன வாரம் பிளாரன்சில் எழுதியது. அங்கே இதே நூலின் இன்னொரு பிரதி இருக்கிறது. புகைப்படத்தில் வெறும் கறையாகத் தெரிந்ததை, புத்தகத்தைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தபோதுதான் மெழுகு என்று கண்டு, அதைச் சுற்றி நின்ற சொற்களைத் துண்டில் குறித்துக்கொண்டாள். அறுநூறு வருடத்துக்கு முன்னால் எவனோ தூக்கக் கலக்கத்தில் மெழுகுவத்தியைச் சாய்த்துவிட்டான். சியேனா பிரதியை எழுதியவன் அந்தப் புத்தகத்தைத்தான் எதிரே விரித்து வைத்திருக்கிறான். மெழுகுக்கு அடியில் இருந்ததைப் படிக்க முடியாமல், யோக்கியன், இடம் விட்டு எழுதிப் போயிருக்கிறான்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்குப் பெயர் தெரியாத ஒருவர் ஆறுதலாக எழுதிய நூல் அது. அவர் கைப்பட எழுதியது தொலைந்துவிட்டது. பார்த்து எழுதிய ஆறு பிரதிகள் மிச்சம். எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பிழைகளை வைத்துக் கண்டுபிடித்து, தொலைந்ததை மீட்பதுதான் நீவெஸ் இருந்த ஆய்வுக் குழுவின் வேலை. இதில் ஈவிரக்கமில்லாத விதி ஒன்று உண்டு. தாய்ப் பிரதி உயிரோடு இருந்தால், அதைப் பார்த்து எழுதியதற்குச் சாட்சி சொல்லும் தகுதி கிடையாது. ஒதுக்கிவிட வேண்டும்.

சியேனா பிரதி எலீசியோவுடையது. அப்படித்தான் துறையில் எல்லோரும் சொல்வார்கள். நான்கு வருடமாக அவன் அதோடுதான் குடித்தனம் நடத்தினான். அவனோடு இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் நீவெஸே அதை மூத்தாள் என்றுதான் கேலி செய்வாள்; சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் மூத்தாள் சௌக்கியமா என்பாள். அந்தப் பிரதி ஆசிரியரின் கிழிந்த மூலப் பிரதியையே பார்த்து எழுதியது, அந்த மூன்று வெற்றிடங்களும் மூலத்தின் கிழிசல்கள் என்று எலீசியோ நாற்பது பக்கத்துக்கு வாதாடியிருந்தான். அடுத்த மாதம் பல்கலைக்கழக வேலைக்கான நேர்காணலில் அவன் வைக்கப்போவது அந்த நாற்பது பக்கத்தைத்தான்.

பார்த்ததை முதலில் பொதுக் குறிப்பேட்டில் எழுது, பிறகு வாயைத் திற என்பது முதல் வருடத்திலேயே இவர்கள் மண்டையில் ஏற்றப்படும் பாடம். பேசிவிட்டால் பார்த்தது மாறிவிடும் என்பார்கள். நீவெஸ் பென்சிலை எடுத்து, தேதி போட்டு, ஐந்து வரி எழுதி, கீழே தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். கை தானாகப் போயிற்று. அந்த அரை மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். எலீசியோவின் முகம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். வெளியே ஓடி, படிக்கட்டில் நின்று மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள். போன் அணைந்திருந்தது. திரும்பி வந்தபோது பேராசிரியை மொரோசெல்லி அவள் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு எலீசியோ பேருந்திலிருந்து இறங்கி வந்தான். பேராசிரியையே வராந்தாவில் அவனிடம் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார். நேர்காணலுக்கு வேறு ஏதாவது தயார் செய்ய முடியுமா பாருப்பா என்றார். ஒரு மாதத்தில் என்ன தயார் செய்வது என்று அவருக்கும் தெரியும். எலீசியோ உள்ளே வந்து, காகிதத் துண்டை ஏட்டோடு வைத்துப் பார்த்தான். பிறகு குறிப்பேட்டில், அவள் எழுத்துக்குக் கீழே, சரிபார்த்தேன் என்று எழுதித் தன் எழுத்தையும் போட்டான்.

வீட்டில் அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். பாஸ்தாவுக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. யாரும் எதையும் போடவில்லை.

"எங்கிட்ட வீட்ல வந்து சொல்லியிருக்கலாம்ல, நீவெஸ். நானே போய் அவங்ககிட்டச் சொல்லியிருப்பேன். என் வாயால."

"போன் பண்ணேன். நீ எடுக்கல."

"எழுதினதுக்கு அப்புறம்தான பண்ணின."

அவள் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். எழுதறப்போ சந்தோஷமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பவும் செய்திருப்பான். ஆனால் இருவரும் பொய்யை மோப்பம் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள்.

"இருந்துச்சு" என்றாள்.

அவன் அடுப்பை அணைத்தான். "எனக்கும் இருந்திருக்கும். அதான் தாங்க முடியல."

மறுநாளே அவன் ஒரு நண்பனின் அறைக்குப் போய்விட்டான். சனிக்கிழமை சொந்த ஊரான ஃபோஜ்ஜாவுக்கு ரயில் ஏறப்போவதாகவும், அப்பா பேருந்து ஓட்டும் நிறுவனத்திலேயே ஏதோ அலுவலக வேலை இருப்பதாகவும் அந்த நண்பன் வந்து சொன்னான். ஆனால் ஒதுக்கப்போகும் பிரதியைக்கூடக் கடைசி வரி வரை ஒப்பிட்டு முடித்த பிறகே ஒதுக்க வேண்டும். பதினெட்டு ஏடுகள் மிச்சம் இருந்தன. பேராசிரியை வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நானே முடித்துத் தருகிறேன் மேடம் என்று எலீசியோ சொல்லிவிட்டான்.

மூன்று நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பிரதியை வரி வரியாக வாசிக்க, மற்றவர் அச்சுத் தாளில் பின்தொடர்ந்து, ஒவ்வொரு வரி முடிவிலும் சரி என்று சொல்ல வேண்டும். சரி வராவிட்டால் வாசிப்பவர் அந்த வரியையே மறுபடி வாசிக்க வேண்டும், எத்தனை முறையானாலும். தாய் அழலாம், அழுவதை யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பெயரில்லாதவர் எழுதியிருந்ததை, எலீசியோ ரயில் நேரம் படிப்பதுபோல வாசித்தான். நீவெஸ் சரி என்றாள். மூன்று நாளில் அவனிடம் அவள் பேசியது அந்த ஒரு சொல்தான். நடுவில் ஒருமுறை அவள் இருமியபோது அவன் வாசிப்பதை நிறுத்திக் காத்திருந்தான். முன்பெல்லாம் முதுகில் தட்டுவான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கடைசி ஏடு வந்தது. நூல் முடிந்து, கீழே பிரதி எழுதியவன் தன் பங்குக்குச் சேர்த்திருந்த ஒரு வரி. எலீசியோவின் விரல் தாளைத் தொடாமல் அதன் மேல் நின்றது.

"முடிந்தது. இனி இந்தக் கைக்கு ஓய்வு கொடுங்கள்" என்று வாசித்தான்.

நீவெஸ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துப் பிசகில்லை. சரி என்று சொல்லிவிட்டால் அவன் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்வான்.

அவள் சொல்லவில்லை.

எலீசியோ அவள் பக்கம் திரும்பவில்லை. விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், மறுபடியும் வாசித்தான். காத்திருந்தான். மூன்றாம் முறை வாசித்தபோது அவன் குரல் உடைந்தது.