பரவாயில்ல, நீலா

"பரவாயில்ல நீலா. ஒரு கப்புதானே?"

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"உம்மேல எனக்கென்ன கோபம்? வேகமா நட, மழை வருது."

போன வருஷம் கிளப்பின் கலப்பு இரட்டையர் டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டு, டாலிகஞ்ச் வீட்டுக்கு நடந்து வரும்போது பேசியது. கடைசி செட்டில் ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் இருந்தார்கள். நீலாவதிதான் தன் சர்வீஸ்களையெல்லாம் வெளியே அடித்துக் கெடுத்தாள். அவள் கணவன் திருநாவுக்கரசு, துறைமுக ஆபீஸ் கிளார்க், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

கப்பை வைப்பதற்கென்றே சாத்தம் மரஅறுவை மில்லில் படாக் மரப் பலகை ஒன்று வாங்கிவந்து சுவரில் அடித்திருந்தான். வீடு திரும்பியதும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பவுடர் டப்பாவை எடுத்து அதன்மேல் வைத்து, "இதுக்கும் ஒரு இடம் வேணுமில்ல?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது.

அதிலிருந்து எதற்கெடுத்தாலும் பரவாயில்லைதான். குழம்பு தீய்ந்தால் பரவாயில்லை. பயிற்சியில் பந்து வலையில் பட்டால், அது தரையில் விழுமுன்பே பரவாயில்லை.

தனியாகச் சுவரில் அடித்துப் பழகும்போது அவள் அடி பிசகுவதில்லை. அவன் வலையருகே நின்றால் மட்டும், பந்தை மேலே தூக்கிப்போடும்போதே அந்த வார்த்தை காதில் ஒலித்துவிடும். செய்யாத தப்புக்கு முன்கூட்டியே மன்னிப்பு. திட்டுகிற புருஷன் என்றால் யாரிடமாவது சொல்லி அழலாம். தேற்றுகிறவனிடம் எதைக் குறையென்று சொல்வது? எத்தனையோ தடவை வாயெடுத்து, சொல்லாமலே அடக்கிக்கொண்டாள்.

இந்த வருஷமும் அதே இறுதி ஆட்டம். எதிரே அதே சக்கரவர்த்தி தம்பதி. இன்றும் தன்னால் தோற்றால் இனி மட்டையைத் தொடுவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

தீவுக்குச் சரக்குக் கப்பல் தாமதமானதால் இத்தனை நாளும் ரோமம் உதிர்ந்த வழுக்கைப் பந்தில்தான் பயிற்சி. நேற்று கப்பல் வந்தது. இன்று புதுப் பந்து டப்பாவைத் திறந்துவிட்டார்கள். புதுப் பந்து அடங்காமல் எகிறியது. எப்படியோ கடைசி செட்டில் ஐந்துக்கு நான்கு என்று முன்னால் இருந்தார்கள். சர்வீஸ் அவளுடையது, முப்பது-முப்பது.

"பாபிஜி, பிச்லா சால் யாத் ஹை?" அண்ணி, போன வருஷம் ஞாபகமிருக்கிறதா என்று வலைக்கு அப்பாலிருந்து சக்கரவர்த்தி சீண்டினார்.

"அட, அந்தம்மாவ விடும் சக்கரவர்த்தி தாதா!" என்று கூட்டத்திலிருந்து கடைக்கார நூர்முகம்மது கத்தினார். "தங்கச்சி, நீ அடிம்மா! ஜெயிச்சா எல்லாருக்கும் நம்ம கடை சர்பத் முஃப்த், காசே வேணாம்!"

கூட்டம் சிரித்தது. நீலாவதி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, மூச்சை இழுத்துவிட்டு அடித்தாள். வெளியே. இரண்டாவது சர்வீஸும் வெளியே. முப்பது-நாற்பது. இன்னும் ஒரு புள்ளி போனால் ஐந்துக்கு ஐந்து.

திருநாவுக்கரசு வலையிலிருந்து அவளை நோக்கி நடந்து வந்தான். முகத்தில் அதே கனிவு. உதடு பிரிவதைப் பார்த்ததும் அவள் மட்டையைக் குறுக்கே உயர்த்தினாள்.

"சொல்லாதீங்க."

"எதை?"

"பரவாயில்லன்னு. அந்தப் பலகைய நான் தினமும் பாக்கறேன். தோத்தா உங்களுக்கும் வலிக்குது, அத மறைச்சுக்கிட்டு என்னை நோயாளி மாதிரி தாங்காதீங்க." உயர்த்திய மட்டையை அவள் இறக்கவில்லை. "ஜெயிச்சுக் குடுன்னு என்னைக் கேளுங்க. ஒரே ஒரு தடவ கேளுங்க."