பாசான வீடு

போட்டோ எடுக்க வந்த கிளைட்டன், சவப்பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆணி அடிக்கப் பார்த்தான். பீரோவை நகர்த்தியதும் வெளியே தெரிந்த சுவர் அது. பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தது. ஆணி வைத்த இடத்திலெல்லாம் காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"கப்பல்ல இருக்க மவன் வில்பிரட்டுக்குல்லா படம் போவுது. பளிச்சுனு இருக்கணும்" என்றாள் டெல்பினின் அத்தை இசபெல்லா.

டெல்பின் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகக் கண்ணை மூடாத அலுப்பில் அழக்கூடத் தெம்பில்லை. அப்பா சிலுவை, சங்கு குளித்தவர். கடலுக்கடியில் மூச்சை அடக்கியே நாற்பது வருடம் பிழைத்த மனுஷன், இந்தச் சுவரோரக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனார். ஈரம் ஆகாது, வேறு இடத்தில் படுக்க வையுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஒற்றை அறை வீட்டில் வேறு இடத்துக்கு எங்கே போவது?

போன வருடம் இந்த அரசு வாடகைக் குடியிருப்புக்குப் புதுத் தர விதி வந்தது. ஈரம், விரிசல், காற்று என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். குறைந்தால் பழுது பார்த்துக் கொடுப்போம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். யார் நம்பினார்கள்? பெயிலானால் ஊருக்கு வெளியே துரத்திவிடுவார்கள் என்றுதான் மாடிக்கு மாடி பேச்சு. ஆபீசர்கள் சோதிக்க வருமுன் டெல்பின் சுண்ணாம்பு அடித்தாள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். இருமல் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று அப்பாவைக் கோயிலில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

"ஏளா, நம்ம வீடு பாசாயிட்டு!" அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

எதிர்வீட்டு ஜெமிமா சோம்பேறி, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் வீட்டுச் சுவரை மறு மாதமே கொத்திப் பூசிக் கொடுத்தார்கள்.

"ஈரம் கீரம் இருந்தாச் சொல்லு, அப்பாவுக்கு வேற வீடு பாக்குதேன்" என்று வில்பிரட் கப்பலிலிருந்து போன் போடும்போதெல்லாம் கேட்பான்.

"ஒண்ணும் இல்லண்ணே. ஆபீசரே நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருக்காவ."

முதல் தடவை பெருமைக்குச் சொன்னது. பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"துணிய எடு, கிளைட்டன்" என்றாள் டெல்பின்.

"சுவரு தெரியுமேக்கா."

"தெரியட்டும்."

இசபெல்லா பதறினாள். "ஏளா, ஒனக்குக் கிறுக்கா? அவன் பாத்தா என்ன நெனப்பான்?"

டெல்பின் எழுந்து, துணியைத் தானே உருவி மடித்துக் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். அவள் சுவரை மறைக்காமல் ஓரமாக விலகி நின்றாள்.

படம் உடனே போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு நீல டிக் விழுந்தது; வில்பிரட் பார்த்துவிட்டான். பெட்டியை மூட ஆட்கள் உள்ளே வந்தார்கள். டெல்பின் போனைப் பார்த்தபடியே ஒதுங்கி வழிவிட்டாள்.