பகல் தூக்கத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

பேக்கரி மாஸ்டருக்குப் பகலில்தான் தூக்கம். ஊரே எழுந்து பல் துலக்கும் நேரத்தில் அவர் சட்டையில் படிந்த மாவை உதறிக்கொண்டு வீட்டுக்கு வருவார். குளித்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணி வரை ஆள் அசையமாட்டார். பதினெட்டு வருஷமாக அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருந்ததில்லை. மனைவி லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அவர் உள்ளே நுழையும்போது அவள் வெளியே கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கைமாறும். கூடவே இரண்டு வார்த்தை. பெரும்பாலும் பால் வாங்குவதைப் பற்றி.

பதினெட்டாவது வருஷம் அவள் வேலைக்குப் போன கட்டடத்தில் படி இடறி விழுந்தாள். கணுக்காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் லீவு. மூன்றாம் நாளே அவளுக்குக் கை துறுதுறுத்தது. தம்பியை அனுப்பி ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பை நிறைய பாகங்கள், சீப்புப் பல் போலத் தகடு தகடாக நிற்கும் கனமான அலுமினியக் கட்டி ஒன்று, எல்லாம் வாங்கிவரச் செய்தாள்.

"என்ன பண்ணப் போறே?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஆம்ப்ளிஃபயர். ரொம்ப நாள் ஆசைங்க."

"எங்க உக்காந்து?"

"இந்த ரூம்லதான். மேஜை இங்கதானே இருக்கு."

தூக்கம் போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் போகவில்லை. சால்டரிங் புகையின் மெல்லிய வாசனை, ஸ்க்ரூ ஒன்று தட்டில் விழும் ஓசை, அவள் தனக்குத்தானே முணுமுணுக்கும் கணக்கு. எல்லாம் கலந்து அவரை இன்னும் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போயின.

பதினோராம் நாள் அது பாடியது. புல்லாங்குழல். மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. கனவில் ஒரு தெரு இருந்தது. வானத்திலிருந்து சலித்த மாவு மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குழல்தான் தெருவாக வளைந்து வளைந்து போயிற்று. அவர் செருப்பில்லாமல் அதன்மேல் நடந்தார். திடீரென்று தெரு நின்றுவிட்டது. அடுத்த அடி வைக்க இடமில்லை. விழித்துக்கொண்டார்.

அறையில் சத்தமே இல்லை. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தபடி இருந்தாள்.

"சூடாயி நின்னுபோச்சு," என்றாள். "சத்தம் கேட்டப்ப எழுந்திருக்கல. இப்ப ஏன் எழுந்தீங்க?"

"நின்னுபோச்சே, அதான்."

இந்த வகை ஆம்ப்ளிஃபயர் பாட்டு மெதுவாக ஓடினாலும் பலமாக ஓடினாலும் முழு மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டு சும்மாவே கொதிக்கும் என்று விளக்கினாள். அதற்காகத்தான் அந்தச் சூடு கிளம்பும் டிரான்ஸிஸ்டரின் முதுகில் ஒரு குட்டி சுவிட்சை ஒட்டியிருந்தாள். எழுபது டிகிரி தாண்டினால் அது கரன்டை நிறுத்திவிடும். ஆறினால் மறுபடி கொடுக்கும். கணக்குப்படி அதோடு சேர்த்து முடுக்கிய அலுமினியக் கட்டி சூட்டை இழுத்துக் காற்றில் விட்டிருக்க வேண்டும். ஆனால் இருபத்து மூன்றாவது நிமிடத்தில் தவறாமல் நின்றது. அதற்குத் தவறாமல் மாஸ்டரும் எழுந்தார்.

தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஒரு ஃபேன வெச்சு விடுக்கா," என்றான்.

"நான் பாட்டு கேக்கணுமா, ஃபேன் கேக்கணுமா?" என்று அவனை விரட்டிவிட்டாள்.

இப்படித் தூக்கம் கெடத் தொடங்கிய நாலாம் நாள் பேக்கரியில் மாஸ்டர் நின்றுகொண்டே கண் அயர்ந்தார். இரண்டு தட்டு பன் கரியாகிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஆனதேயில்லை. வீட்டில் சொன்னபோது அவள் முகம் விழுந்துவிட்டது.

"நீங்க தூங்குற நேரத்துல நிறுத்தி வெச்சிடறேன்."

"நிறுத்தாதே," என்றார் அவர். "நிக்காம பாத்துக்கோ."

அவர் படுக்கப் போகாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மேஜையருகே உட்கார்ந்தார். ஓடவிட்டார்கள். இருபத்து மூன்றாவது நிமிடம் நின்றதும் அவள் பிளக்கைப் பிடுங்கினாள். மாஸ்டர் கையை நீட்டினார். ஆண்டுக்கணக்கில் சூடான தட்டுகளைப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை.

"சுட்டுடும்ங்க!"

"சுட்டா சொல்றேன்." முதலில் அலுமினியத்தைத் தொட்டார். "இது சும்மா வெதுவெதுப்பு." பிறகு கறுப்பான டிரான்ஸிஸ்டரைத் தொட்டுச் சட்டென்று கையை எடுத்தார். "இது கொதிக்குது. ரெண்டும் ஒட்டித்தானே இருக்கு? வெளிய கருகி, உள்ள மாவாவே இருக்கிற ரொட்டி மாதிரியில்ல இருக்கு."

அவள் ஸ்க்ரூவைக் கழற்றினாள். இரண்டுக்கும் நடுவே பூசும் வெள்ளைப் பசை திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது.

"என்னம்மா இது? கேக்குக்குக் க்ரீம் வெச்ச மாதிரி அப்பியிருக்கே!"

"நல்லா பூசினா நல்லா கடத்தும்னு…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தப் பசை கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பத்தான். தடித்தால் அதுவே போர்வையாகிவிடும். இருபது மாடி லிஃப்டை ஒற்றையாளாக ஓட வைக்கிறவளுக்கு இது வெட்கமாக இருந்தது. மாஸ்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒரு பழைய துணியை எடுத்துக் கொடுத்தார்.

துடைத்து, கண்ணாடியில் மூச்சு படிந்தாற்போல லேசாகப் பூசி, மறுபடி முடுக்கினாள். இந்தத் தடவை அலுமினியம் ஒழுங்காகச் சூடேறிற்று. மாஸ்டர் குனிந்து அடியில் பார்த்தார்.

"அடி மேஜையில அப்பிக்கிட்டு இருக்கே. கீழ காத்து நுழைஞ்சாதானே மேல சூடு போகும்? பன் தட்ட நாங்க தரையிலயா ஆற வைப்போம்?"

"சரிங்க மாஸ்டர், தூக்கி வைங்க," என்றாள் அவள். அவளும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. நாலு மரத் துண்டுகளை மூலைக்கு ஒன்றாகக் கொடுத்துத் தூக்கி வைத்தார்கள். தகடுகளின் இடைவெளியில் காற்று நடுங்கிக்கொண்டு மேலே ஏறுவது ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்று நிமிடம் தாண்டியது. நாற்பது தாண்டியது. அவள் செருகி வைத்திருந்த சூடுமானியின் முள் ஐம்பத்தெட்டு டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

"போய்ப் படுங்க," என்றாள்.

படுத்தார். எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாத தூக்கம். விழித்தபோது திரையின் விளிம்பில் வெயில் பழுத்திருந்தது. குழல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியிலேயே சாய்ந்து, கட்டுப்போட்ட காலைக் கட்டில் ஓரத்தில் அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டி, கண் மூடியிருந்தாள். ஆம்ப்ளிஃபயரின் சூட்டில் அறை முழுக்க இளவெதுவெதுப்பு. அவர் அசையாமல் கிடந்தார்.

"எழுந்துட்டீங்களா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"இல்ல," என்றார் மாஸ்டர்.