மீராசாஹிப் ஹாஜியார் உட்கார்ந்த சஹன்

மனித குலத்தில் ஏழை பணக்காரன் என்ற பேதம் 1974ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பகல், மாத்தளை நகரில், மீராசாஹிப் ஹாஜியாரின் மிளகுக் களஞ்சியத்தில் ஒழிந்தது. அதை ஒழிக்க ஹாஜியார் பாயில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார வைக்க இரண்டு பேர் கைத்தாங்கல் கொடுத்தார்கள்.

ஊரில் பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை நின்ற காலம் அது. கூப்பன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள்; சனம் மரவள்ளிக் கிழங்கிலே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஹாஜியார் கந்தூரி விருந்துச் சோறு கொடுத்தார். வழக்கப்படி ஆறு பேருக்கு ஒரு சஹன்: பெரிய தாம்பாளத்தில் குவித்த சோறு, நடுவில் ஆட்டிறைச்சி, அவரவர் தம் பக்கத்திலிருந்து தின்ன வேண்டும். "இந்த முற நானும் ஏழைகளோட ஒரே சஹன்ல தின்னப் போறேன்" என்று ஒரு கிழமையாகக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: யாரும் சோற்றை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. பசியாறுவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி.

அவர் சஹனில் ஐந்து பேர். மூன்று பேர் வாயே திறக்கவில்லை. நாலாமவன் பலீல், சந்தையில் கைவண்டி இழுப்பவன், வாய்க்காரன். ஐந்தாவது, ஹாஜியாரை ஒட்டி உட்கார்ந்தவன், இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையில் நடந்தே இறங்கி வந்த செல்லச்சாமி.

பசித்தவன் பாய்ந்து தின்பான் என்றுதான் ஹாஜியார் நினைத்திருந்தார். சஹன் வந்தது. ஆவி பறந்தது. ஐந்து பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்ன, தின்னுங்களேன்!"

"நீங்க பிஸ்மி சொல்லிக் கை வெச்சாத்தானே ஹாஜியார் நாங்க வெக்கலாம்" என்றான் பலீல். "வெரசாச் சொல்லுங்க. சோறு என்னையப் பாத்துச் சிரிக்குது."

ஹாஜியார் கை வைத்தார். பிறகு நடந்ததைப் பார்த்து அவர் மெய்யாகவே அசந்துபோனார். ஒருவரும் அள்ளவில்லை. சின்னச் சின்னக் கவளம். சிந்திய பருக்கையை விரல்நுனியால் ஒற்றி எடுத்தார்கள். நடுவிலிருந்த இறைச்சியை ஐந்து கைகளும் மெல்ல மெல்ல அவர் பக்கமே தள்ளிவிட்டன. மாநகர சபைக் கூட்டத்திலும் கலியாணப் பந்தியிலும் இப்படியொரு மரியாதையை அவர் கண்டதில்லை. பள்ளிவாசலுக்குள் நுழைந்தது போல அவருக்கு நெஞ்சு அடங்கியது.

செல்லச்சாமியோ அதற்கும் மேலே போனான். தன் பக்கத்துச் சோற்றில் விரலால் ஒரு கோடு கிழித்தான். கோட்டுக்கு இந்தப் பக்கத்தை மட்டும் தின்று முடித்து, கையை நக்கி, பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"எனக்குப் போதுங்க மொதலாளி."

"கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது யாருக்கு?"

செல்லச்சாமி மடியைத் தொட்டான். அங்கே மடித்த வாழையிலை ஒன்று எட்டிப் பார்த்தது. "தோட்டத்துல கெழமைக்கு ரெண்டு நாளுதான் வேல குடுக்குறாங்க. லயத்து வீட்டுல பொஞ்சாதி, மூணு புள்ளைங்க. சோத்தக் கண்டு ஒம்பது நாளாச்சுங்க."

"கட்டிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னேனே."

"தின்ன மிச்சத்தத்தானே கொண்டுபோகக் கூடாது? இது என் பங்கு. நான் இன்னும் தின்னலியே."

பலீல் சிரித்துவிட்டான். "ஹாஜியார், இவரு தோட்டத்துல கொழுந்து பறிக்கிறதுக்குப் பதிலாக் கோட்டுல வழக்குப் பேசியிருக்கோணும்!"

ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கியது. பசித்த வயிறு ஒன்று, கைக்கெட்டும் சோற்றுக்கு முன்னால், தன் விரலால் போட்ட கோட்டைத் தாண்டாமல் உட்கார்ந்திருக்கிறது! ஹஜ்ஜுக்குப் போய் வந்தும் தான் பார்க்காத ஒன்றை இங்கே, மிளகு மூட்டைகளுக்கு நடுவே பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

"எல்லாரும் கேளுங்க!" களஞ்சியமே திரும்பியது. "இனி யாருக்கும் தடையில்ல. மிச்சம் வெச்சவங்க கட்டிக்கிட்டுப் போங்க! செல்லச்சாமி, நீங்கதான் முதல்ல!"

சமையற்காரர் பதுர்தீன் கிட்டே வந்து காதில் சொன்னார்: "கிடாரத்தக் கவுத்தாச்சி ஹாஜியார், சோறு முடிஞ்சி. கேட்டுக்கு வெளிய நிக்கிற சனத்துக்கு என்ன சொல்ல?"

"பொறுமையப் பத்திச் சொல்லுங்க" என்று ஹாஜியார் பேச்சைத் தொடர்ந்தார். பேச்சு நீண்டது. பொறுமையைப் பற்றி, பங்கிடுதலைப் பற்றி, மனிதன் தன் எல்லையை அறிவதைப் பற்றி. சஹனில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் முடிக்கும் வரை ஒருவர் எழுந்து போகக் கூடாது என்பது வழக்கம். ஆகவே ஐந்து பேரும் அசையாமல் இருந்தார்கள். நடுவில் ஒரு தடவை செல்லச்சாமி, "மொதலாளி..." என்றான். ஹாஜியார் இடக்கையை உயர்த்தி அவனை அமர்த்தினார். பலீல்கூட வாயை மூடிக்கொண்டான். தன் பேச்சு அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று ஹாஜியார் கண்டுகொண்டார்.

"இப்ப விரிங்க அந்த இலைய!" என்று அவர் முடித்தார்.

செல்லச்சாமி வாழையிலையை எடுத்துப் பாயில் விரித்தான். நாலு மூலையையும் நீவிவிட்டான். சஹனைப் பார்க்கவில்லை, ஹாஜியாரின் வலக்கையைப் பார்த்தான். மற்ற நாலு பேரும் அதையேதான் பார்த்தார்கள். அப்போதுதான் ஹாஜியாரும் குனிந்து பார்த்தார்.

பேச்சு வாக்கில், கோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சோற்றை அவர் தின்று முடித்திருந்தார்.