மறு உத்தரவு வரும் வரை

அணுக்கழிவுக் கொட்டகையின் காவலாளிக்கு முப்பத்திரண்டு ஆண்டுகளாக வயது இருபத்தொன்பது. வேலையில் சேர்ந்தபோது கொடுத்த தாளில், 'மறு உத்தரவு வரும் வரை உள்ளபடியே நீடிப்பார்' என்று இருந்தது. உடம்பு அதை அப்படியே கடைப்பிடித்தது. தலையில் ஒரு நரை கிடையாது. கான்கிரீட் பீப்பாய்களும் அதே வாசகத்தின்படிதான் அங்கே நின்றன. அவற்றை லட்சம் ஆண்டுகளுக்குப் பூமிக்கடியில் புதைக்க ஓர் ஊர் வேண்டும். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அங்கே தேர்தலில் தோற்க வேண்டும். ஆகவே வந்த அமைச்சர்கள் ஆறு பேரும், லட்சம் ஆண்டுத் திட்டத்தை ஐந்தைந்து ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கோப்பை வைத்திருந்தவர் காவலாளியின் சகலை. மனைவியின் அக்காளைக் கட்டியவர், அமைச்சகத்தில் நிரந்தர வேலை. ஆரம்பத்தில் காவலாளியை 'தற்காலிகம்' என்றே கூப்பிட்டுச் சிரிப்பார். பிறகு இவருக்குச் சொட்டை விழுந்தது, பல் ஆட்டம் கண்டது, முட்டி பிடித்துக்கொண்டது, சிரிப்பும் நின்றது. காவலாளியைவிட இவர் ஒரு வயது இளையவர். ஆனாலும் ஒரு கல்யாண வீட்டில் இவரை அவனுக்கு மாமனார் என்று நினைத்து, கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள். பக்கத்திலிருந்த மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரரைப் பாருங்க, நேத்து தாலி கட்டுன மாதிரி இருக்காரு" என்றாள். அன்று வயிற்றெரிச்சலில் அவர் பந்தியில் உட்காரவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பொதுநலத்துக்கு அசையாத கோப்பு பொறாமைக்கு அசைந்தது. மறு உத்தரவு வந்தால் அவனுக்கும் வயது ஏறும் என்று மறுநாளே கிளம்பினார். ஊர் ஊராகப் போய், புதைக்கப்போவது என்ன, எத்தனை ஆழத்தில், எது தப்பாகப் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். வேண்டாம் என்று சொல்லக் கடைசிவரை உரிமை உண்டு என்று எழுதிக்கொடுத்தார். பழைய சுரங்கம் இருந்த ஊர் ஒன்று, நான்கு ஆண்டுகள் குறுக்குக் கேள்வி கேட்டு அவரை உலுக்கிவிட்டு, சரி என்றது. இனித் தேர்தலில் நிற்பதில்லை என்றிருந்த அமைச்சர் கையெழுத்திட்டார். எல்லாம் மச்சினிக்காகத்தான் என்று சகலை வெளியே சொல்லிக்கொண்டார். அவளும் கேட்கத்தான் செய்தாள். "அவரையும் சீக்கிரம் கிழவனாக்குங்க மாமா. கடைக்குப் போனா என்கிட்ட, 'பையன் வரலையாம்மா'ங்கறாங்க. அவரைப் பார்த்தா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாளுங்க."

உத்தரவு வந்த அன்று, தலை நரைப்பதைப் பார்க்கக் குடும்பமே கொட்டகை வாசலில் நின்றது. சாயங்காலம் வரை ஒரு முடியும் வெளுக்கவில்லை. காவலாளியின் மனைவி தாளை வாங்கிப் படித்தாள். அவனைச் சுரங்கத்துக்கு நிரந்தரக் காவலராக்கி, 'ஓய்வுபெறும் வரை உள்ளபடியே நீடிப்பார்' என்று இருந்தது. நிரந்தரக் காவலர் எப்போது ஓய்வுபெறுவார் என்ற இடத்தில், காக்கும் பொருளின் ஆபத்து நீங்கும் நாளை எழுத வேண்டும் என்பது விதி. அவசரத்தில் சகலை விதிப்படியே எழுதியிருந்தார்.

"லட்சம் வருஷமா மாமா? நான் போனப்புறம் எத்தனை பேரைக் கட்டிக்குவாரு இவரு?"

"ஒருத்தியும் வேண்டாம்டி," என்றான் காவலாளி. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்னையும் போடுங்க. ரெண்டாவது காவலரா."

சகலைக்கு ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. எழுதினால் இவர்கள் இருவரும் இருப்பார்கள், தான் போய்விடுவோம் என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. அவள் அழுதிருந்தால் முடியாது என்றிருப்பார். அவள் அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது, இவர் தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கும் அதே எரிச்சல். பேனாவைத் திறந்து எழுதினார்.

மூன்றாவதாகத் தன் பெயரைச் சேர்க்காததற்காக அவர் மனைவி, அவர் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பீப்பாய்கள் சுரங்கத்துக்குள் போய்விட்டன. வாசலில் காவலுக்கு இருவர். அவனுக்கு இருபத்தொன்பது வயது, அவளுக்கு ஐம்பத்தாறு. வழி கேட்டு எந்தப் பெண் வந்தாலும் பதில் சொல்வது அவள்தான்.