லென்ஸின் மேல் ஒரு கை

"எப்பவும் சொல்வீங்களே, அந்தப் படத்தைக் காட்டுங்க, பாத்துட்டுத்தான் பதில்" என்று சொல்லியிருந்தாள் ரெபேக்கா. சகாயராஜ் கேட்டிருந்தது கல்யாணத்துக்குச் சம்மதம். ஞாயிறு பூசை முடிந்ததும், யங்கோனில் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து, தன் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டிப் புரொஜெக்டரைப் போட்டான். துணைக்கு அவள் அண்ணன் சைமனும் வந்திருந்தான்.

ஐரோப்பாவில் யாரோ எடுத்த பழைய படம். கண்ணாடி மாளிகைக்குள் ஒரு விதவை மெழுகு மனிதர்களோடு ஆடுகிறாள். அவள் உதடு பட்ட இடமெல்லாம் அவர்களுக்கு ரத்தம் வருகிறது.

"ரத்தமா இது? பெயிண்ட்டு" என்றாள் ரத்த வங்கியில் வேலை பார்க்கும் ரெபேக்கா.

"வேணும்னுதான். நிஜம் மாதிரி இருந்தா கொலையாயிடும், கனவா இருக்காது." சகாயராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். எது எப்படி நடக்கிறதென்று சொல்லாமல் இருக்க வராது. "பாருங்க, கேமரா நகரலை. லென்ஸ்தான் அவளைக் கிட்ட இழுக்குது. அதான் வயித்தைக் கலக்குது."

விதவையின் உடை நழுவியது. சைமன் பாய்ந்து லென்ஸைக் கையால் பொத்தினான். கோயில் மண்டபத்தில் படம் போட்ட காலத்தில் முத்தக் காட்சி வந்தால் அப்படித்தான் பொத்துவார்கள்.

"என்ன கோ சகாயம், இதையா எந்தங்கச்சிக்குக் காட்டுறே?" கோபத்திலும் பர்மிய மரியாதைக்கு 'கோ' போட்டுத்தான் கேட்டான்.

சுவர் இருண்டது. சைமனின் விரல்கள் மட்டும் சிவந்து தெரிந்தன. படத்திலிருந்து மூச்சிரைப்பு, பிறகு எதையோ மெல்லக் கிழிக்கும் சத்தம்.

"கையை எடுண்ணே. மறைச்சா இன்னும் அசிங்கமா இருக்கு."

எடுத்தான். விதவை தனியாக, தன் முக்காட்டைக் கிழித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இந்த அழுகைச் சத்தத்த அப்புறமாத் தனியாப் பதிவு பண்ணி..." என்று சகாயராஜ் ஆரம்பிக்கையில் மின்சாரம் போனது.

"நல்லதாப் போச்சு" என்று சைமன் வெற்றிலை போடப் பால்கனிக்குப் போனான்.

"அண்ணன் ஒரு தடவதான் பொத்துச்சு. நீங்க படம் முழுக்கப் பொத்துறீங்க" என்றாள் ரெபேக்கா.

"நானா?"

"கலங்குறப்பல்லாம் லென்ஸுங்கிறீங்க, கேமராங்கிறீங்க. உங்களுக்கு இதுல என்னதான் பிடிக்குது?"

சகாயராஜ் அணைந்த புரொஜெக்டரின் லென்ஸைத் துடைத்தான். "அவ தொட்டதெல்லாம் கெட்டுப்போகுது. இருந்தும் தொடாம இருக்க முடியலை. எனக்கும்... அந்தப் பயம் உண்டு."

திடீரென்று தெருவெல்லாம் "மீ லாபீ!" என்று பிள்ளைகள் கத்தின. மின்சாரம் திரும்பினால் யங்கோனே அப்படித்தான் கத்தும்.

"எனக்கு இந்தப் படம் சுத்தமாப் பிடிக்கலை" என்றாள். அவன் புரொஜெக்டரை அணைக்கப் போனான். "விட்ட எடத்துலேருந்து போடுங்க. பேசினா வாயைப் பொத்துவேன்."

அடுத்த காட்சியிலேயே சகாயராஜ் வாயைத் திறந்தான். ரத்த வங்கி ஸ்பிரிட் வாசனையடித்த கை வந்து பொத்தியது. படம் முடியும்வரை அவள் அதை எடுக்கவில்லை.