மாதிரி வீட்டின் வாட்டம்

"வீடு கட்டுபவனே நாகரிகத்தின் தந்தை!" என்று முழங்கினார் ஹரிகிருஷ்ணன். செய்யூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரிக்கு அவர் முதல்வர். கட்டுமானப் பிரிவு மாணவர்கள் கட்டிய மாதிரி வீட்டுக்கு அன்று திறப்பு விழா.

கக்கூஸ் தரையின் சரிவைப் பற்றி மாணவி அன்பரசி போன வாரமே அவரிடம் எச்சரித்திருந்தாள்.

"வாட்டம் ஹாலப் பாத்துகினு கீது சார். மூத்தரத் தண்ணிலாம் வெளிய வந்துரும்."

"நான் டாக்டரேட்டும்மா. வாட்டம் எனக்குச் சொல்லித் தர்றியா? உனக்கு சர்டிபிகேட் வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதைக் காட்டித்தான் வேலை கேட்க வேண்டும்.

விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் கக்கூஸுக்குப் போனார். குறி தவறியதை மறைக்க இரண்டு வாளி ஊற்றினார். கதவிடுக்கில் மஞ்சளாகக் கசிந்து, குத்துவிளக்கைச் சுற்றிக்கொண்டு வந்தது தண்ணீர்.

முதல்வர் அவளுடைய சான்றிதழில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அன்பரசி தண்ணீரைப் பார்த்தாள். கையெழுத்து முடியும்வரை வாய் திறக்கவில்லை.

விளக்கேற்றுவதற்காக ஷூவைக் கழற்றியிருந்த முதல்வர், சாக்ஸோடு நின்றிருந்தார்.